துணி சோபாவில் டீசல் கொட்டிவிட்டால்

பாலக்கோட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போகும் வண்டிக்காக வாங்கி வைத்த டீசல் கேன், ஹாலில் இருந்த துணி சோபா மேல் சாய்ந்து அரை லிட்டருக்கு மேல் கொட்டிவிட்டது. பதறிப்போய் சுடுதண்ணீரில் சோப்புத்தூள் கரைத்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். காய்ந்த பிறகு கறை பெரிய வளையமாக நிற்கிறது. நாற்றம் குறையவே இல்லை. வீட்டில் கைக்குழந்தை வேறு இருக்கிறது. சோபா வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, காப்பாற்ற வழி உண்டா என்கிறார்.

உண்டு. மேல் துணியைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். உள்ளே இருக்கும் ஃபோமைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். தருமபுரியில் குஷன் வேலை செய்கிறவன் நான். சேலம், கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் என்பதால் வீட்டு சோபாவோடு லாரி சீட், டிராக்டர் சீட் எல்லாம் வந்துகொண்டே இருக்கும். டீசல் குடித்த ஃபோம் எப்படி இருக்கும், எது மீளும், எது மீளாது என்பது கையில் பழகிய விஷயம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எரிபொருள் கறையில் தண்ணீர் கடைசியாக வர வேண்டிய ஆள். டீசல் ஒரு எண்ணெய். அதன் மேல் சுடுதண்ணீரை ஊற்றியதும் அது இளகி, இன்னும் பரவி, துணியைத் தாண்டி ஃபோமுக்குள் இறங்கிவிடும். துணியில் பார்க்க சுத்தமானது போல இருக்கும். பிறகு மேல்துணி காயக் காய, ஃபோமில் இருக்கும் எண்ணெய் நூல் வழியாக மறுபடி மேலே ஏறி வரும். உங்கள் வீட்டில் நிற்கிற அந்த வளையம் அப்படி வந்ததுதான். அதோடு அலசிப் போகாத சோப்பும் தண்ணீரில் இருந்த உப்பும் ஓரத்தில் சேர்ந்து படிந்திருக்கும். மூன்று, நாலு தடவை கழுவியும் கறை திரும்பத் திரும்ப வருகிறது என்று பலரும் அலுத்துக்கொள்வார்கள். மேலே கழுவுகிறார்கள், எண்ணெய் கீழே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை செய்யுங்கள். சோபா நன்றாகக் காய்ந்திருக்கும்போது, வெள்ளை டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்துக் கறை மேல் வையுங்கள். அதன் மேல் ஒரு பலகை, பலகை மேல் ஒரு செங்கல். ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். காலையில் பேப்பரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துணியில் மிஞ்சிய தண்ணீர் ஈரம் என்றால் கொஞ்ச நேரத்தில் காய்ந்து பேப்பர் பழையபடி ஆகிவிடும். டீசல் என்றால் பேப்பரில் பட்ட இடம் மட்டும் வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி தெளிந்து நிற்கும், அரை நாள் ஆனாலும் போகாது. இந்தச் சோதனையை ஒவ்வொரு கட்டம் முடிந்த பிறகும் செய்யுங்கள். கண்ணையும் மூக்கையும் நம்புவதைவிட இந்தப் பேப்பரை நம்பலாம். வீட்டிலேயே இருப்பவர்களின் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும். நாற்றம் போய்விட்டதா என்று பார்க்க வேண்டுமானால், வெளியிலிருந்து வருகிற ஒருவரைக் கேளுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. சோபாவையோ, கழற்றக்கூடிய மெத்தையாக இருந்தால் அந்த மெத்தையை மட்டுமோ, திண்ணைக்கோ மாடிக்கோ கொண்டுபோய்விடுங்கள். மெத்தையின் பின்பக்கம் ஜிப் இருக்கும். கவரைக் கழற்றி ஃபோமைத் தனியாக எடுங்கள். துணியையும் ஃபோமையும் பிரிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஜிப் இல்லாமல் கட்டையோடு சேர்த்து அடித்த சோபா என்றால், கவிழ்த்துப் போட்டு அடியில் இருக்கும் கறுப்புத் துணியின் ஸ்டேப்பிள் பின்களைத் தட்டையான ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்துப் பாருங்கள். டீசல் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று கீழிருந்தே தெரியும். ஃபோமைத் தாங்கும் எலாஸ்டிக் பெல்ட் வரை வந்திருந்தால் ஒரு குஷன் ஆளைக் கூப்பிடுவதே நல்லது. அந்தப் பெல்ட்டுக்குள் ரப்பர் இழை இருக்கிறது. ரப்பர் டீசலில் ஊறினால் உப்பிப் பலம் இழக்கும். இப்போது நன்றாகத் தெரியும், சில மாதத்தில் உட்காருகிற இடம் பள்ளமாகிவிடும்.

கழற்றிய கவரை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, இரண்டு அடுக்குக்கு நடுவே ஒரு அட்டையைச் செருகுங்கள். இல்லாவிட்டால் முன்பக்கத்துக் கறை பின்பக்கத்துக்கும் இறங்கும். பழைய வேட்டித் துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்ற வேண்டும். நடுவிலிருந்து ஆரம்பித்தால் வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். துண்டில் எண்ணெய் ஏறுவது நிற்கிற வரைக்கும் இடத்தை மாற்றி மாற்றி ஒற்றுங்கள். உங்கள் விஷயத்தில் கொட்டி நாளாகிவிட்டதால் ஒற்றுவதில் பெரிதாக ஒன்றும் வராது, நேராக எண்ணெயை உறிஞ்சும் பொடிக்குப் போய்விடலாம்.

எண்ணெயை உறிஞ்சும் பொடிகளில் எனக்கு முல்தானி மட்டிதான் முதல். முகத்துக்குப் பூசுகிற அதே மண், நாட்டு மருந்துக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். கம்பளித் துணியிலிருந்து எண்ணெய்ப் பசையை எடுக்க இந்த வகைக் களிமண்ணைத்தான் பல நாடுகளில் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தினார்கள். அதன் துகள் அவ்வளவு நுண்ணியது, எண்ணெயை இழுத்துத் தன்னுள் பிடித்துக்கொள்ளும். கறை மேல் விரல் கனத்துக்குக் கொட்டி, லேசாக அழுத்திவிட்டு, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் பொடி நிறம் மாறிக் கட்டி கட்டியாக இருக்கும். பிரஷ்ஷால் தட்டி உதிர்த்துவிட்டுப் புதுப் பொடி போடுங்கள். பொடி நிறம் மாறாமல் உலர்ந்தே இருக்கிற நாள் வரும் வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் இந்த இடத்தில்தான் காரியம் கெடும். துணி வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருந்தால் மட்டி அதில் மங்கலாகப் படியக்கூடும், அதற்குப் பதில் கார்ன் ஃபிளாரோ டால்கம் பவுடரோ போடுங்கள். ஆப்ப சோடா வாடையைக் கொஞ்சம் குறைக்கும், எண்ணெயை இழுப்பதில் மட்டிக்குப் பின்னால்தான் வரும். எண்ணெய்க் குளியல் நினைவில் சிலர் அரப்புத் தூளைப் போடுவார்கள். தலைக்கு அருமையான பொருள், ஆனால் அதன் பச்சை நிறம் சோபாத் துணியில் ஏறினால் அது தனிக் கறை. சாம்பலும் கோலமாவும் வேண்டவே வேண்டாம். மரத்தூள் தரையில் கொட்டிய டீசலுக்கு நல்லது, துணிக்கு ஆகாது.

பொடி வேலை முடிந்த பிறகுதான் சோப்பு. அதுவும் பாத்திரம் கழுவும் லிக்விட். துணி சோப்புக் கட்டியோ தூளோ அல்ல. லிக்விட்டைத் தண்ணீர் கலக்காமல் சில சொட்டுகள் காய்ந்த கறை மேல் விட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தடவி, கால் மணி நேரம் விடுங்கள். அது எண்ணெயைப் பிடித்துக்கொள்ள நேரம் வேண்டும். தண்ணீர் முதலிலேயே நடுவில் வந்தால் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும். அதற்கு அப்புறம் ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி நுரையை எடுங்கள். ஜிப் கவர் என்றால் குழாயடியிலேயே பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டு அலசலாம். ஆனால் கவர் உள்ளே ஒரு சீட்டு தைத்திருக்கும், அதில் ட்ரை வாஷ் மட்டும் என்று போட்டிருந்தால் கை வைக்காதீர்கள், கடைக்குக் கொடுங்கள். நம் பக்கத்தில் உள்ளூரிலேயே செய்த சோபாக்களில் அப்படி எந்தச் சீட்டும் இருக்காது. அப்போது சோபாவின் அடியில், வெளியே தெரியாத மடிப்பில், ஒரு சொட்டு லிக்விட் விட்டு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சாயம் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். நம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சாதாரண சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் துணியில் படியும், அந்தப் பிசுக்கு அழுக்கை இழுத்துக்கொண்டு சில வாரத்தில் கறுத்துவிடும். டீசல் போன பிறகும் ஓரத்தில் ஒரு வெளிர்க் கோடு நிற்கிறதே என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். ஃபுளூரைடு பிரச்சினைக்காகக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவில் வருகிறது என்றால், கடைசி அலசலுக்கு மட்டும் அந்தத் தண்ணீரில் ஒரு குடம் எடுத்து வையுங்கள். அது காவிரித் தண்ணீர், சோப்பு சுலபமாக விட்டுப்போகும். அது இல்லாத ஊரில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் வெள்ளை வினிகர் கலந்து கடைசியாகத் துடைத்தால் உப்புப் படிவு குறையும். கழற்ற முடியாத சோபாவில் கறை இருந்த இடத்தை மட்டும் நனைத்தால் காய்ந்ததும் தண்ணீர் வளையம் விழும். அந்த ஒரு தட்டு முழுவதையும், தையல் முதல் தையல் வரை, லேசான ஈரத்தில் ஒரே சீராகத் துடைத்துவிடுங்கள்.

இப்போது ஃபோம். அரை லிட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது என்று நீங்கள் சொல்வதால், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்த இடத்து ஃபோமை மாற்றிவிடுங்கள். அரை டம்ளர் அளவு பட்டிருந்தால் பெரிய தொட்டியில் லிக்விட் கலந்த தண்ணீரில் மிதித்து மிதித்துப் பிழிந்து காப்பாற்றலாம். ஆனால் நாலைந்து அங்குலக் கனமான ஃபோம் உள்ளே வரை காய ஒரு வாரம்கூட ஆகும். மழைக்காலம் என்றால் அதற்குள் பூஞ்சை வாடை வந்துவிடும், ஒரு நாற்றத்துக்குப் பதில் இரண்டு நாற்றம். தூள் ஃபோமை ஒட்டிச் செய்த கெட்டி ரீபாண்ட் என்றால் ஊறிய இடத்தில் ஒட்டு விட்டு உதிரக்கூடும். பழைய சோபாக்களில் இருக்கும் ரப்பர் பூசிய தேங்காய் நார் மெத்தை இன்னும் மோசம், அந்த ரப்பர்தான் நாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, டீசலில் அது பிசுபிசுத்துப்போனால் மீட்க வழியில்லை.

மாற்றுவது நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய செலவு இல்லை. முழு சோபாவையும் மாற்ற வேண்டியதில்லை. மூன்று பேர் உட்காரும் சோபாவில் டீசல் பட்ட ஒரு மெத்தையை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், கடையில் அதே அளவுக்கு வெட்டித் தருவார்கள். உட்காரும் இடத்துக்கு 40 டென்சிட்டி (ஃபோமின் அடர்த்தி) கேளுங்கள், 32 போட்டாலும் ஓடும், அதற்குக் கீழே வேண்டாம். மற்ற இரண்டு மெத்தையில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு ஓரத்தைப் பிரித்துப் பார்த்துக் கடையில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒன்று மட்டும் மேடாக நிற்கும். முக்கியமாக, பழைய கவரைப் பேப்பர் சோதனையில் தேறிய பிறகு மட்டும் புது ஃபோமில் மாட்டுங்கள். எண்ணெய் மிஞ்சிய கவரைப் போட்டால் புது ஃபோமும் அதைக் குடிக்கும்.

நாற்றத்துக்குச் செண்ட், ஸ்பிரே, எலுமிச்சை, ஊதுபத்தி எதுவும் வேலை செய்யாது. நாற்றம் இருக்கிறது என்றால் எண்ணெய் இருக்கிறது, அதை எடுக்காமல் மேலே வாசனை தெளித்தால் இரண்டும் கலந்து தலைவலிதான் மிச்சம். எண்ணெய் போன பிறகும் மெலிதாக நிற்கும் வாடைக்குக் காற்றுதான் மருந்து. கவரை உள்பக்கம் வெளியே திருப்பி, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். காலை வெயில் கொஞ்சம் பட்டால் தவறில்லை. சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் சாயம் வெளுக்கும், ஃபோம் மஞ்சளடித்து நொறுங்க ஆரம்பிக்கும். மூடிய அறைக்குள் வைக்க வேண்டிய நிலை என்றால் ஒரு தட்டில் கரித்துண்டுகளைப் பரப்பி சோபாவுக்கு அடியில் வையுங்கள், ஓரளவு உதவும்.

கைக்குழந்தை இருக்கிற வீடு என்பதால் இன்னொன்று. வாடை முழுதாகப் போகிற வரை குழந்தையை அந்த சோபாவில் படுக்க வைக்காதீர்கள். டீசல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் வறண்டு சிவந்துபோகும், குழந்தைத் தோலுக்கு இன்னும் சீக்கிரம். சுத்தம் செய்யும்போது நீங்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மிச்ச டீசலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு, இன்றைக்கே அதை நிறுத்துங்கள். தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நீங்கள் கேட்டது டீசல். ஆனால் இதைப் படிக்கிறவர்களில் பெட்ரோல் கொட்டியவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு முறை வேறு. டீசல் கொதித்து ஆவியாக ஏறத்தாழ 180 முதல் 360 டிகிரி வரை சூடு வேண்டும், அதனால்தான் அது நம் ஊர் வெயிலில்கூடப் போகாமல் உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் அப்படியல்ல, அறைச் சூட்டிலேயே ஆவியாகும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு அதிலிருந்து ஆவி வரும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நாலு மடங்கு கனம், தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும். ஹாலில் கொட்டிய பெட்ரோலின் ஆவி, கதவு தாண்டி பூஜை அறையில் எரிகிற விளக்கைத் தேடிப் போய்ப் பற்றிக்கொண்டு திரும்பி வரும். அதனால் பெட்ரோல் என்றால் கறையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். எண்ணெய் விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி, கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கதவு, ஜன்னலைத் திறங்கள். அறையில் எந்த மின் ஸ்விட்ச்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். முடிந்தால் நாலு பேர் சேர்ந்து சோபாவை அப்படியே வெளியே தூக்கி வையுங்கள். ஈரம் காயும் முன் வேக்கூம் கிளீனர் போடாதீர்கள், அதன் மோட்டார்ப் பொறி ஒன்று போதும். ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி பக்கத்தில்கூட வரக் கூடாது. வெறும் பெட்ரோல் என்றால் ஓரிரு நாள் திறந்த வெளியில் இருந்தாலே பெரும்பகுதி போய்விடும், லேசான நிறம் மட்டும் நிற்கும், அதற்கு மேலே சொன்ன லிக்விட் போதும். மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயருக்குக் கலந்து வைத்த பெட்ரோல் என்றால் அதில் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குக் கலக்கும் எண்ணெய்) இருக்கும். பெட்ரோல் பறந்துபோய் ஆயில் மட்டும் துணியில் நிற்கும். அதைக் காற்றோட்டமாகக் காயவிட்ட பிறகு டீசல் மாதிரியே பாவித்து மட்டி போட வேண்டும். மண்ணெண்ணெய் இரண்டுக்கும் நடுவே, டீசல் முறையே அதற்கும் பொருந்தும்.

டீசல் அவ்வளவு சுலபமாகப் பற்றாது என்று பொதுவாகச் சொல்வார்கள். கேனில் இருக்கும்போது அது சரி. துணியில் ஊறிய டீசல் திரியில் ஏறிய எண்ணெய் மாதிரி, ஒரு தீக்குச்சி போதும். ஒற்றிய துணிகளையும் உதிர்த்த மட்டியையும் அடுப்படிப் பக்கம் குவித்து வைக்காதீர்கள். அந்தத் துணிகளை வாஷிங் மெஷினிலும் போடாதீர்கள்.

மெக்கானிக் கடையில் யாராவது, டீசல் கறைக்குப் பெட்ரோலோ தின்னரோ போட்டால் பளிச்சென்று போய்விடும் என்பார்கள். கை அழுக்குக்கும் இரும்பு பார்ட்ஸுக்கும் அவர்கள் அப்படிப் பழகியவர்கள். சோபாவில் அது வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். கறையைக் கரைத்து இன்னும் ஆழமாக ஃபோமுக்குள் இறக்கிவிடும், ஃபோமை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும், ரெக்சின் பைப்பிங் இருந்தால் அது விறைத்து வெடிக்கும். பாலியஸ்டர் துணியில் பெட்ரோலை வைத்து வறட்டுவறட்டென்று தேய்ப்பதில் எழுகிற மின்பொறியே தீ வைத்துவிடும். வெல்வெட் துணியாக இருந்தால் லிக்விட்டும் பிரஷ்ஷும்கூட வேண்டாம், மட்டி வேலையோடு நிறுத்திவிட்டு ட்ரை வாஷ் கடைக்குக் கொடுங்கள், அதன் முடி ஒருமுறை படுத்துவிட்டால் எழுப்புவது கஷ்டம். கடையிலோ, வீட்டுக்கு மெஷின் கொண்டுவந்து சோபா கழுவித் தருகிறவர்களிடமோ, கொட்டியது டீசலா பெட்ரோலா என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் கறை என்று சொல்லிக் கொடுத்தால் அவர்கள் சூடான நீராவி பாய்ச்சிவிடுவார்கள்.

கழித்த ஃபோமைக் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிடாதீர்கள். அந்த ஃபோம் எரியும்போது வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் இருக்கும், டீசல் சேர்ந்தால் தீ கட்டுக்கு நிற்காது. ஃபோமைப் பிழிந்த தண்ணீரையும் கிணற்றுப் பக்கமோ போர்வெல் பக்கமோ ஊற்றாதீர்கள். வாடை அடங்கும் வரை ஆள் புழங்காத திறந்த இடத்தில் காற்றாட வைத்து, பிறகு பேரூராட்சிக் குப்பை வண்டியில், டீசல் ஊறியது என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.